சாமை விருந்துக்கு, சோளம் டப்பாவுக்கு: ஒரு மத்தியதரைக்கடல் சாலட் அனுபவம்

மத்தியதரைக்கடல் சாலட் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது ஆலிவ் காய்க்கும் ஃபெட்டா சீஸுக்கும் எங்கே போவது என்பதுதான். தர்மபுரியில் தேடினால் பாட்டிலிலும் டப்பாவிலும் கிடைக்கும், இல்லையென்றால் ஓசூர் போகிற யாரிடமாவது சொல்லிவிடலாம். இரண்டும் இல்லாமலும் இந்த சாலட் நன்றாகவே வரும். தானியம் குழைந்துபோனால்தான் எதைப் போட்டும் தேற்ற முடியாது. வீட்டு விசேஷங்களுக்கும், வாரத்துக்குச் சேர்த்துச் செய்து ஃப்ரிட்ஜில் வைப்பதற்கும் இதைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். இரண்டுக்கும் ஒரே தானியம் ஒத்துவராது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அவரவர் நாக்கு.

அந்த ஊர்களிலேயே இது ஒரே பதார்த்தம் கிடையாது. லெபனான், சிரியா பக்கத்து தபூலேயில் பார்ஸ்லி இலைதான் குவியலாக இருக்கும், புல்கூர் என்கிற கோதுமைக் குருணை பேருக்குக் கொஞ்சம். துருக்கியின் கிசிரில் குருணைதான் பிரதானம். அதில் தக்காளி விழுது, மிளகாய் விழுது, மாதுளைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய புளிப்புப் பாகு எல்லாம் சேரும். பெண்கள் மதியத்தில் ஒரு வீட்டில் கூடும்போது டீயோடு வைக்கிற பதார்த்தம் அது. இத்தாலியில் ஃபார்ரோ என்ற பழைய கோதுமை வகையை முழுசாக வேகவைத்துச் செய்வார்கள். 2010-ல் ஸ்பெயின், கிரீஸ், இத்தாலி, மொராக்கோ நாடுகளின் மத்தியதரைக்கடல் உணவு முறையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தையும் அதன் ஒரு பகுதியாகத்தான் சேர்த்தது. விருந்துக்கு இது பொருந்துவதில் ஆச்சரியம் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. புல்கூருக்குப் பதில் சம்பா ரவை போடலாம் என்று நிறைய சமையல் வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புல்கூர் என்பது கோதுமையை வேகவைத்து, காயவைத்து, அப்புறம் உடைத்தது. நம் புழுங்கல் அரிசிக்குச் செய்கிற அதே வேலை. ஒருமுறை வெந்து இறுகிய தானியம் என்பதால் பொலபொலவென்று நிற்கும். சம்பா ரவை பச்சைக் கோதுமையை உடைத்தது. பார்க்க இரண்டும் ஒன்றாக இருந்தாலும், வெந்தால் ரவை உப்புமாவாகத்தான் ஆகும். ஆறிய உப்புமாவில் வெள்ளரிக்காயை அரிந்து போட்டு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

கேழ்வரகு ஊரில் இருந்துகொண்டு கேழ்வரகில் செய்யக்கூடாதா என்று கேட்பவர்களும் உண்டு. 2023-ல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை நீலகிரியிலும் எங்கள் தர்மபுரி மாவட்டத்திலும்தான் முதலில் தொடங்கினார்கள். களிக்கும் கூழுக்கும் அதை அடிக்க எதுவும் இல்லை. ஆனால் கேழ்வரகில் தோலும் உள்மாவும் ஒட்டியே இருப்பதால், சாமையைப் போல அரிசியாக்க முடியாது. முழுசாக வேகவைத்தால் வாயில் தோல்தான் நிற்கும். முளைகட்டிய கேழ்வரகு ஒரு பிடி மேலே தூவலாம், அவ்வளவுதான்.

எனக்குக் கைகொடுத்தது சாமை. சித்தேரி மலையில் விளைகிற சாமை அரூர்ப் பக்கத்திலிருந்து வரும். இதில் என் மாமியார்தான் குரு. பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் சாமைச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர். முதலில் கிண்டல்தான் செய்தார்.

"ஏம்மா, சாமைச் சோத்துல எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சி வெள்ளரிக்காய அரிஞ்சி போட்டா, அதுக்கு ஒரு வெளிநாட்டுப் பேரா?"

"நீங்க சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க அத்தை."

சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை நான் வாங்கிவந்த சாமையைக் கையில் அள்ளிப் பார்த்து, "இது ரொம்பத் தீட்டுனது, குழஞ்சிரும்" என்றார். வெள்ளைவெளேரென்று பளபளக்கிற சாமை சீக்கிரம் வெந்து சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். மங்கலாக, லேசான பழுப்பாக இருப்பதுதான் சாலடுக்கு நல்லது. இரண்டு நிமிடம் கூடுதலாக வேகும், ஆனால் பருக்கை பருக்கையாக நிற்கும். கல் அரிப்பதும் அவரிடம் கற்றதுதான். இரண்டு பாத்திரம் வைத்துக்கொண்டு, தண்ணீரோடு சாமையைச் சுழற்றிச் சுழற்றி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாய்க்க வேண்டும். கடைசியில் அடியில் ஒரு ஸ்பூன் அளவு தங்குகிற சாமையை ஆசைப்படாமல் கொட்டிவிட வேண்டும். மண் முழுக்க அதில்தான் இருக்கும். பாக்கெட்டில் 'கல் நீக்கியது' என்று போட்டிருந்தாலும் நான் அரிக்காமல் விடுவதில்லை. விருந்தில் ஒருவர் பல்லில் கல் கடிபட்டால், அன்றைக்கு வைத்த மற்றதெல்லாம் மறந்துபோய் அது மட்டும் பேச்சாகும்.

அரித்த சாமையைத் தண்ணீர் வடிய விட்டு, வெறும் வாணலியில் மிதமான தீயில் வாசம் வரும்வரை வறுக்கிறேன். பிறகு வடிப்பதுதான் முறை. ஒன்றுக்கு இரண்டு என்று தண்ணீர் அளந்து வைத்துக் குக்கரில் விட்டால், சோறு வரும், சாலட் வராது. ஒரு டம்ளர் சாமைக்கு ஆறு டம்ளர் தண்ணீர், உப்புப் போட்டு நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். சாமையைப் போட்டு ஐந்து நிமிடத்திலிருந்தே எடுத்து நசுக்கிப் பார்க்க ஆரம்பிக்கலாம். விரலில் மசிய வேண்டும், ஆனால் நடுவில் ஊசி முனை அளவு ஒரு தடை தெரிய வேண்டும். அந்த நேரம் இறக்கினால் சரி, அது பெரும்பாலும் ஏழெட்டு நிமிடத்தில் வரும். சாதம் வடிக்கிற தட்டின் ஓட்டை சாமைக்குப் பெரிது. பாதி சாமை தொட்டியில் போய்விடும், அதனால் மெல்லிய கம்பிச் சல்லடையோ வெள்ளைத் துணியோ வேண்டும்.

வடித்ததும் பெரிய தாம்பாளத்தில் துணி விரித்துப் பரப்பி, ஃபேனுக்கு அடியில் வைத்துவிடுங்கள். ஆவி அடங்கியதும், இன்னும் கதகதப்பாக இருக்கும்போதே, எண்ணெய் எலுமிச்சைக் கலவையில் பாதியை ஊற்றிக் கிளறிவிடுவேன். சூடாக இருக்கும் தானியம் உள்ளே வரை இழுத்துக்கொள்ளும். முழுக்க ஆறியபின் ஊற்றினால் எண்ணெய் மேலே பளபளக்கும், உள்ளே சப்பென்று இருக்கும். இலைகளை மட்டும் அந்தச் சூட்டில் போடக்கூடாது, கொத்தமல்லி கறுத்துவிடும்.

இப்போது சோளம். என் நாத்தனார் மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். ரூமில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் உண்டு, அடுப்பு கிடையாது. வாரக் கடைசியில் வந்துபோகும்போது டப்பாவில் கொடுத்தனுப்புவோம். சாமை சாலட் முதல் நாள் பிரமாதம், இரண்டாம் நாள் பரவாயில்லை, மூன்றாம் நாள் "அத்தை, ஒவ்வொரு பருக்கையும் வெறச்சிப்போயிருக்கு" என்று போன் வந்தது. வெந்த மாவுச்சத்து குளிரில் மறுபடி இறுகிக்கொள்வதுதான் காரணம். பழைய சோறு ஃப்ரிட்ஜில் விறைத்துக்கொள்வதும் இதனால்தான். சாமை சின்னப் பருக்கை, அதனால் முழுசும் விறைத்துவிடுகிறது. சூடு காட்ட வசதி இருந்தால் கொஞ்சம் வெந்நீர் தெளித்துச் சூடாக்கினால் திரும்ப இளகும். அவனுக்கு அந்த வசதி இல்லை.

முழு வெள்ளைச் சோளம் இந்த இடத்தில் வெல்லும். அதன் இயல்பே மெல்லுகிற பதம் என்பதால், குளிரில் கொஞ்சம் இறுகினாலும் வித்தியாசம் தெரியாது. ஒன்றோடு ஒன்று ஒட்டுவதும் இல்லை. ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் குக்கரில் தண்ணீர் தாராளமாக விட்டு நாலைந்து விசில், பிறகு சிம்மில் கால் மணி நேரம். ஒரு மணியைக் கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக மாவு தெரியக்கூடாது. தெரிந்தால் இன்னும் இரண்டு விசில். செஞ்சோளம் வேண்டாம், துவர்க்கும். வடித்த தண்ணீரில் உப்பும் மிளகும் போட்டுக் குடித்துவிடுவோம்.

அப்படியானால் விருந்துக்கும் சோளமே போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். விருந்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பல் வைத்தியரிடம் போய்வருகிறவர்கள். சோளத்தை மென்று முடிக்க நேரமும் பொறுமையும் வேண்டும். சாமை எல்லோருக்கும் தொண்டையில் இறங்கும், செய்த அன்றே தீர்ந்தும் போகும்.

காய்களில் ஊருக்கு அதிர்ஷ்டம் உண்டு. தக்காளி பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்தில் விளைந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் லாரியில் போகிறது. இந்த சாலடுக்கு நாட்டுத் தக்காளியை விட, கெட்டித்தோல் உள்ள 'பெங்களூர் தக்காளி'தான் சரி. நம் ஊரில் விளைந்தும் அதற்குப் பேர் அப்படி. நாலாகப் பிளந்து, விதையையும் சாற்றையும் ரசத்துக்கு வழித்துவிட்டு, சதையை மட்டும் பொடியாக அரிய வேண்டும். குடமிளகாய் ஓசூர், தளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து சிவப்பு, மஞ்சள் என்று கிடைக்கும். சிவப்பு ஒன்று போட்டாலே தட்டுக்கு முகம் வந்துவிடும்.

வெள்ளரிக்காயில்தான் பெரும்பாலான சாலட் கெடுகிறது. நீளவாக்கில் பிளந்து, ஸ்பூனின் முனையால் நடுவில் இருக்கும் விதைப் பகுதியை ஒரே இழுப்பாக வழித்தெடுங்கள். அரிந்த துண்டுகளில் கொஞ்சம் உப்புத் தூவிச் சல்லடையில் இருபது நிமிடம் வைத்தால், கீழே வைத்த கிண்ணத்தில் தண்ணீர் சேர்ந்திருப்பதை நீங்களே பார்க்கலாம். அது வெளியே வராவிட்டால் சாலடுக்குள் வந்திருக்கும். துணியில் ஒற்றி எடுத்துவிட்டுச் சேர்க்க வேண்டும். மொத்த உப்பில் இந்த உப்பையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து எலுமிச்சைச் சாற்றில் கால் மணி நேரம் ஊறவைத்தால் காரம் அடங்கும்.

கொண்டைக்கடலை வெள்ளை. ஊறவைக்கும் தண்ணீரிலேயே உப்புப் போட்டால் தோல் மிருதுவாகும். சிலசமயம் அதற்குப் பதில் பச்சை வேர்க்கடலையை உப்புப் போட்டு அவித்துப் போடுவேன். எங்கள் வீட்டில் அதற்குத்தான் ஆள் அதிகம். மாங்காய்ச் சீசனில் கிளிமூக்கு மாங்காயை, முக்கால் காயாக இருக்கும்போது தோல் சீவிப் பொடியாக அரிந்து சேர்ப்பது உண்டு. காவேரிப்பட்டணத்து உறவினர் வீட்டு விசேஷத்தில் அப்படிச் செய்தபோது எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்தோம்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஆலிவ் எண்ணெய் வாங்குவதானால் 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 'போமேஸ்', 'லைட்' என்று வருவது பொரிக்க, வதக்க. பச்சையாக ஊற்றினால் அதில் வாசமே இருக்காது. நான் பாதி ஆலிவ் எண்ணெய், பாதி செக்குக் கடலை எண்ணெய் கலக்கிறேன். முழுக்கக் கடலை எண்ணெயிலும் நன்றாகவே இருக்கிறது. நல்லெண்ணெய் மட்டும் சரிவரவில்லை, புளியோதரை ஞாபகம் வந்துவிடுகிறது. ஒரு டம்ளர் தானியத்துக்கு 4 டேபிள் ஸ்பூன் எண்ணெய், 2 டேபிள் ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. இலைச் சாலடுக்கு மூன்றுக்கு ஒன்று என்பார்கள், தானியம் புளிப்பை விழுங்கிவிடும் என்பதால் இதற்கு இரண்டுக்கு ஒன்று. ஒரு பல் பூண்டைக் கல்லுப்போடு நசுக்கி, மிளகுத்தூள், வறுத்த சீரகத்தூள் சேர்த்து, மூடிய பாட்டிலில் குலுக்கினால் தயார்.

மாதுளைப் பாகுக்கு நான் அலைவதில்லை. வீட்டில்தான் எப்போதும் புளி இருக்கிறதே. நெல்லிக்காய் அளவுப் புளியைக் கரைத்து, அதே அளவு வெல்லம் போட்டுத் தேன் பதத்துக்குச் சுண்டவைத்து ஒரு ஸ்பூன் சேர்த்தால் கிசிரின் புளிப்பு இனிப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். காய்ந்த ஆரிகனோ இல்லையென்றால் கற்பூரவல்லியில் கொழுந்து இலை ஒன்றை நுணுக்கி அரிந்து போடுங்கள். இரண்டின் வாசமும் நெருங்கிய சொந்தம். ஒன்றுக்கு மேல் போட்டால் சளிக்குக் கஷாயம் குடிக்கிற உணர்வு வந்துவிடும், ஜாக்கிரதை. பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லி இரண்டு பங்கு, புதினா ஒரு பங்கு. கழுவியபின் துணியில் உருட்டி ஈரம் போக்கி, கூரான கத்தியால் ஒரே முறை அரிய வேண்டும்.

ஃபெட்டா ஆட்டுப்பால் சங்கதி. செம்மறி ஆட்டுப்பாலில், அதிகபட்சம் 30 சதவீதம் வெள்ளாட்டுப்பால் கலந்து, கிரீஸில் செய்வதை மட்டுமே ஐரோப்பாவில் அந்தப் பேரில் விற்கலாம் என்று 2002-லிருந்து சட்டம். அந்த ருசி பன்னீரில் வராது. உப்பும் புளிப்பும் வரும், அதுவே எனக்குப் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் கல்லுப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அரை எலுமிச்சை பிழிந்து, பன்னீரைச் சின்னத் துண்டுகளாக்கி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிட வேண்டும். பிள்ளைகள் சாலடிலிருந்து இதை மட்டும் பொறுக்கித் தின்பார்கள், அதனால் கடைசியில் மேலே தூவுங்கள்.

விருந்தில் முப்பது பேருக்குப் பக்க உணவாக வைக்க, 1 கிலோ சாமை, அரை கிலோ கொண்டைக்கடலை, வெள்ளரியும் தக்காளியும் ஒவ்வொரு கிலோ, குடமிளகாய் அரை கிலோ, வெங்காயம் கால் கிலோ, எண்ணெய் 300 மில்லி என்று கணக்கு. இலையில் கோசம்பரி என்கிற பயத்தம்பருப்புச் சாலட் வைக்கிற இடத்தில் வைக்கிறோம். ஓசூர்ப் பக்கத்துச் சொந்தங்களுக்கு ராமநவமிக் கோசம்பரி பழக்கமானது என்பதால், "இது சாமைக் கோசம்பரி" என்றால் விளக்கம் கேட்காமல் சாப்பிடுகிறார்கள். மத்தியதரைக்கடல் என்றால் ஒரு வாய் மட்டும் மரியாதைக்கு எடுக்கிறார்கள்.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகும்போதும் எடுத்துப் போவோம். புளியோதரை, தயிர் சாதத்தோடு இதுவும். அங்கே ஆற்றங்கரையில் பொரித்துத் தருகிற மீனுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை. மசாலா மீனும் எலுமிச்சைச் சாமையும் சேர்ந்தால், சோறு தேடவே தேடாது. ஆனால் வெளியே எடுத்துப் போவதில் கவனம் வேண்டும். வெந்த தானியத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி சமைத்த பிறகும் வித்தாகப் பிழைத்திருக்கும். வெதுவெதுப்பில் விட்டால் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. எலுமிச்சை பிழிந்திருக்கிறதே என்று நம்பியிருக்க முடியாது. முதல் நாளே செய்து நன்றாகக் குளிரவைத்து, தண்ணீர் பாட்டில் இரண்டை ஃப்ரீசரில் உறையவைத்துப் பையின் அடியில் போட்டு, அதன்மேல் டப்பாவை வைத்தால் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போய்ச் சேரும்வரை குளிர்ச்சியாகவே இருக்கும். வெளியே எடுத்தபின் இரண்டு மணி நேரம் கெடு. கொளுத்துகிற வெயிலென்றால் ஒரு மணி நேரம். மிச்சத்தைப் பார்த்து மனசு கேட்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம்.

வாரத்துக்குச் செய்யும்போது எல்லாவற்றையும் கலந்து ஒரே டப்பாவில் அடைப்பதில்லை. சோளமும் கொண்டைக்கடலையும் பாதி எண்ணெய்க் கலவையோடு ஒரு டப்பா, இது நாலு நாள் தாங்கும். ஈரம் ஒற்றிய வெள்ளரி, குடமிளகாய் இன்னொரு டப்பா, அடியில் ஒரு டிஷ்யூ தாள். கொத்தமல்லி, புதினா அரியாமல் துணியில் சுற்றித் தனியாக. தக்காளியும் வெங்காயமும் அன்றன்றைக்கு அரிந்தால் போதும். அரிந்த வெங்காயத்தை நாலு நாள் வைத்தால் ஃப்ரிட்ஜில் இருக்கும் பால்கூட வெங்காயம் மணக்கும். ஓசூர் ரூமுக்கு மட்டும் வெங்காயமே அனுப்புவதில்லை. குளிரில் ஆலிவ் எண்ணெயும் கடலை எண்ணெயும் உறைந்து வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம், வெளியே வைத்துக் கால் மணி நேரத்தில் இளகிவிடும். சாப்பிடும் முன் உப்பும் எலுமிச்சையும் மறுபடி பாருங்கள், குளிர்ந்த பண்டத்தில் இரண்டும் குறைவாகத்தான் தெரியும்.

நாலாம் நாள் மிஞ்சுகிற சோளத்தில் காய் எதுவும் சேர்க்காமல், கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் பிரட்டி, தேங்காய் துருவிப் போட்டு இறக்கிவிடுகிறேன். அப்போது என் மாமியார் கேட்காமலே தட்டை நீட்டுவார்.